செய்தித் தளமா, சொந்த வலைப்பதிவா? சுட்டியை வைத்து ஓர் அலசல்

நீதிமன்றத் தீர்ப்புகள், அரசாணைகள் பற்றித்தான் பெரும்பாலும் எழுதுகிறேன். செய்தித் தளங்களுக்கும் எழுதியதுண்டு, சொந்தமாக வலைப்பதிவும் உண்டு. இனி ஆவணங்களை அலசும் கட்டுரை எதுவானாலும் வலைப்பதிவில்தான் என்று முடிவெடுத்துவிட்டேன். வேகம், வாசகர் கூட்டம், கைக்கு வரும் காசு மூன்றிலும் செய்தித் தளமே மேல், சந்தேகமில்லை. என்னை இந்தப் பக்கம் இழுத்தது சுட்டிகள்தான், அதாவது அழுத்தினால் வேறு பக்கத்துக்குக் கொண்டுபோகும் லிங்க்குகள்.

பல செய்தித் தளங்களில் 'உயர் நீதிமன்றம்' என்ற சொல் நீல நிறத்தில் இருக்கும். அழுத்திப் பாருங்கள், தீர்ப்பு வராது. அதே தளத்தின் பழைய செய்திப் பட்டியல் வரும். வாசகர் வெளியே போய்விடக் கூடாது என்பது அவர்கள் கவலை. வலைப்பதிவில் தீர்ப்பின் பிடிஎஃப்புக்கே நேராகச் சுட்டி கொடுத்து, எத்தனையாவது பத்தி என்றும் குறிப்பிட முடிகிறது.

மூல ஆவணம் வாசகர் கைக்குப் போனால் என்ன நடக்கும் என்பதற்கு 2004 செப்டம்பர் நல்ல உதாரணம். ஜார்ஜ் புஷ்ஷின் ராணுவ சேவை பற்றி 1970களில் எழுதப்பட்டவை என்று சில குறிப்புகளை அமெரிக்காவின் சிபிஎஸ் தொலைக்காட்சி காட்டியது, தன் தளத்திலும் ஏற்றியது. வலைப்பதிவர்கள் உடனே எழுத்துருவை ஆராய ஆரம்பித்தார்கள். ஒருவர் அதே வரிகளை இன்றைய கணினி மென்பொருளான மைக்ரோசாஃப்ட் வேர்டில் தட்டி அந்தக் குறிப்பின் மேலே வைத்துப் பார்த்தார், கிட்டத்தட்ட அப்படியே பொருந்தியது. இரண்டு வாரத்துக்குள், அவை அசல் என்று உறுதிசொல்ல முடியாது என்று சிபிஎஸ் ஒப்புக்கொண்டது.

சரி, சுட்டி கொடுத்தால் போதுமா? பராமரிப்புதான் பெரிய பாடு. நியூயார்க் டைம்ஸ் 1996 முதல் வெளியிட்ட கட்டுரைகளை ஹார்வர்ட் சட்டப் பள்ளியினர் ஆராய்ந்து 2021இல் முடிவை வெளியிட்டார்கள். வெளித்தளங்களின் உள்பக்கங்களுக்குப் போகும் சுட்டிகளில் 25 சதவீதம் செத்துப்போயிருந்தன. 2018இல் கொடுத்தவற்றில் 6 சதவீதம், 1998இல் கொடுத்தவற்றில் 72 சதவீதம். அவ்வளவு பெரிய பத்திரிகைக்கே இந்தக் கதி. வெளியான செய்தியைத் திரும்பத் திறந்து சுட்டியைச் சரிபார்க்க அங்கே யாருக்கு நேரம்? அடுத்த செய்தி காத்திருக்கும். நான் எழுதிக் கொடுத்த பழைய கட்டுரைகளில் செத்த சுட்டியை மாற்ற எனக்கு அனுமதியும் இல்லை.

வலைப்பதிவில் அந்த உரிமை என் கையில். பதிவை வெளியிடும் முன்பே ஒவ்வொரு ஆவணத்தின் முகவரியையும், இணையப் பக்கங்களின் பிரதிகளைச் சேமித்து வைக்கும் வேபேக் மெஷின் என்ற இணையக் காப்பகத்தில் ஒட்டிச் சேமிக்கிறேன். கிடைக்கும் புது முகவரிக்குள்ளேயே சேமித்த தேதியும் நேரமும் 14 இலக்கங்களாக இருக்கும். மூலச் சுட்டிக்குப் பக்கத்தில் 'சேமித்த பிரதி' என்று அதையும் கொடுத்துவிடுகிறேன். அரசுத் தளம் புது வடிவத்துக்கு மாறி பழைய முகவரியெல்லாம் முகப்புப் பக்கத்துக்கே திருப்பி விடும்போது, இந்தப் பிரதிதான் கைகொடுக்கிறது. ஆனால் எல்லாத் தளமும் சேமிக்க விடாது. அங்கே பிடிஎஃப்பை நானே இறக்கி வைக்கிறேன்.

களத்துக்குப் போய் நாலு பேரைக் கேட்டு எழுதும் செய்தி வேறு. அதற்கு ஆசிரியரும் வழக்கறிஞரும் பின்னால் நிற்கும் நிறுவனம்தான் பாதுகாப்பு என்று நினைக்கிறேன். அந்த வகைச் செய்தியில் எனக்குப் பழக்கம் குறைவு. வலைப்பதிவுக்கும் ஆயுள் நிச்சயமில்லை. ஒரு வருடம் டொமைன் பணம் கட்டாமல் விட்டால் மொத்தமும் போய்விடும். பலரும் சொந்தப் பக்கங்கள் வைத்திருந்த ஜியோசிட்டீஸ் என்ற தளத்தை யாஹூ 2009இல் மூடியபோதும் லட்சக்கணக்கான பக்கங்கள் அங்கிருந்து போயின. அதனால் என் பதிவுகளையும் அதே வேபேக் மெஷினில் ஒன்றுவிடாமல் ஏற்றி வருகிறேன்.