பல்சரில் மாற்றுச் சைலன்சர்: நான்கு வருடப் பாவனைக்குப் பின்

2021 மாசியில் என்னுடைய பல்சர் 150 இற்கு மாற்றுச் சைலன்சர் பூட்டினேன். 2025 தை வரை, ஏறத்தாழ 31,000 கிலோமீற்றர், அதோடுதான் ஓடினேன். பூட்டிய கிழமையிலேயே எழுதியிருந்தால் இது வெறும் புகழுரையாக இருந்திருக்கும். வாகன இறக்குமதி 2020 இல் நிறுத்தப்பட்டு, புது வண்டி வாங்க வழியில்லாத காலம் அது. இருக்கிற வண்டியையே புதிதாக்கிப் பார்க்கும் ஆசையில் 12,000 ரூபாவைக் கொண்டுபோய், பெயர்பெற்ற ஐரோப்பியக் கம்பனியொன்றின் முத்திரை ஒட்டிய நகல் ஒன்றை வாங்கிவந்தேன்.

என் வண்டியில் எஞ்சினிலிருந்து வரும் வளைகுழாயும் சைலன்சரும் ஒன்றாக ஒட்டிய ஒரே பாகம் என்பதால், குழாயை வெட்டித்தான் புதியதைப் பொருத்த வேண்டும் என்றார் மெக்கானிக். என்னுடையதை வெட்ட விடாமல், பழைய சாமான் கடையில் துருப்பிடித்த ஒன்றைத் தேடி வாங்கி, அதை வெட்டச் சொன்னேன். வண்டியோடு வந்த கம்பனிச் சைலன்சருக்குக் கிறீஸ் பூசி, உரப்பையில் சுற்றிக் கொட்டிலில் கட்டித் தொங்கவிட்டேன். இந்த விடயத்தில் நான் எடுத்த ஒரேயொரு நல்ல முடிவு அதுதான்.

கம்பனிச் சைலன்சருக்குள் தடுப்பறைகளும் துளையிட்ட சிறு குழாய்களும் இருக்கின்றன. சத்தம் அவற்றில் மோதித் திரும்பி, அலையை அலையே அடக்கிக்கொள்கிறது. மாற்றுச் சைலன்சரில் இருப்பது நேரான துளைக்குழாய் ஒன்றும், அதைச் சுற்றி அடைத்த கண்ணாடிப் பஞ்சும் மட்டுமே. பஞ்சு கீச்சுச் சத்தத்தை உறிஞ்சிக்கொண்டு கனத்த நாதத்தை வெளியே விடுகிறது. இருபுறமும் கடல் கிடக்கும் பண்ணை வீதியில் மாலை நேரத்தில் நான்காம் கியரில் போகையில் கேட்ட அந்த நாதத்தைக் குறைசொல்ல இப்போதும் எனக்கு மனம் வரவில்லை.

ஆனால் யாழ்ப்பாணத்தில் நாங்கள் நாளாந்தம் ஓடுவது பண்ணை வீதியில் அல்ல, ஒழுங்கைகளில். திருநெல்வேலிச் சந்தை நெரிசலிலும் கோண்டாவில் ஒழுங்கைகளிலும் வண்டி இரண்டாம், மூன்றாம் கியரில் குறைந்த எஞ்சின் சுழற்சியில் இழுக்க வேண்டும். அந்த இழுவைதான் முதலில் போனது. வெளியேறும் புகையின் அலைகளைக் கணக்கிட்டு அமைத்த குழாயை மாற்றினால், மேல் சுழற்சியில் சிறிது கூடினாலும் கீழே குறைந்துவிடுகிறது. முன்பு மூன்றாம் கியரில் திரும்பிய வளைவுகளில் இரண்டாவதுக்கு இறங்க வேண்டியதாயிற்று. திறொட்டிலை விட்டவுடன் பின்னால் படபடவென்று வெடித்தது (இளம் பெடியங்கள் சிலர் இதற்காகவே காசு கொடுக்கிறார்கள்). பிளக்கைக் கழற்றிப் பார்த்தால், மண்ணிறமாக இருக்க வேண்டிய அதன் நுனி வெளிறிக் கிடந்தது. எரிகலவையில் பெற்றோல் குறைந்து எஞ்சின் சூடாகிறது என்பதற்கு அது அடையாளம். காபரேற்றரில் பெற்றோல் பாயும் துளையான மெயின் ஜெற்றை ஒரு அளவு பெரிதாக்கி, வளைகுழாய் எஞ்சினோடு சேரும் இடத்துக் கேஸ்கட்டையும் புதிதாகப் போட்ட பிறகே வெடிப்பு அடங்கியது. அடுத்த புகைப் பரிசோதனையில் கார்பன் மொனொக்சைட் கூடிவிட்டதென்று திருப்பி அனுப்பினார்கள். எரிகலவையைக் கூட்டிக்குறைக்கும் மிக்சர் ஸ்குரூவை மறுபடி சரிசெய்துகொண்டு போனேன்.

லீற்றருக்கு 45 கிலோமீற்றர் ஓடிய வண்டி 40 ஆக இறங்கியது. 2022 இல் எரிபொருள் தட்டுப்பாட்டின்போது கியூஆர் அட்டைக்கு மோட்டார் சைக்கிளொன்றுக்குக் கிழமைக்கு 4 லீற்றர் என்று அளந்து தந்தபோதுதான் அந்த ஐந்து கிலோமீற்றரின் பெறுமதி விளங்கியது. கிழமைக்கு 20 கிலோமீற்றரைச் சத்தத்துக்காகக் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

பஞ்சு ஒன்றரை வருடத்தில் எரிந்து, நாதம் தகரத்தைத் தட்டுவது போலாகிவிட்டது. றிவெற்றுகளைத் துளைத்துத் திறந்தபோது, கரி படிந்த ஒரு பிடியளவு பஞ்சு மட்டுமே உள்ளே மிஞ்சியிருந்தது. மிச்சமெல்லாம் புகையோடு போய்விட்டது. துளைக்குழாயை ஒட்டி முதலில் இரும்புப் பஞ்சைச் சுற்றி, அதன்மேல் கண்ணாடிப் பஞ்சை இறுக்கி அடைத்தால் கூடக்காலம் நிற்கிறது. கையுறை போடாமல் செய்த முதல் தடவை, இரண்டு நாள் முழங்கைவரை கடித்தது.

எங்கள் ஒழுங்கையின் இருபக்கமும் ஆளுயர மதில்கள். சத்தம் அவற்றுக்கிடையே அடிபட்டு இரட்டிப்பாகும். ஒரு மத்தியானம் பக்கத்து வீட்டு அக்கா படலையில் நின்று, “தம்பி, பிள்ளை இப்பதான் நித்திரையானவள், சந்தியில நிப்பாட்டிப்போட்டு உருட்டிக்கொண்டு வாங்கோவன்” என்றார். கோபமாகச் சொல்லியிருந்தால் மறுமொழி சொல்லியிருப்பேன். அதன்பிறகு பல மாதங்கள் சந்தியிலிருந்து உருட்டிக்கொண்டுதான் வந்தேன்.

2025 தையில் வாகனங்களில் மேலதிகமாகப் பூட்டியவற்றின் மீது பொலிஸார் நாடெங்கும் நடவடிக்கை எடுக்கத் தொடங்கியபோது, உரப்பையை அவிழ்த்தேன். பழைய ஜெற்றையும் திரும்பப் போட்டு, கம்பனிச் சைலன்சரைப் பூட்ட ஒரு மணித்தியாலம் சென்றது. ஒழுங்கை வளைவில் மூன்றாம் கியரிலேயே வண்டி இழுத்துக்கொண்டு திரும்பியது.

மாற்றுச் சைலன்சர் இப்போது அதே உரப்பைக்குள் கிடக்கிறது. வாங்கலாமா என்று இரண்டு பேர் கேட்டு வந்தார்கள். கம்பனிக் குழாயை வெட்டித்தான் பூட்டப்போகிறீர்களா என்று கேட்டேன். இருவரும் ஓம் என்றார்கள், நான் கொடுக்கவில்லை.