முதல் பறப்புக் கவரா, சாதாரண விமானக் கவரா?

பழைய விமானத் தபால் கவர் சேர்க்க இறங்குகிறவர்கள் சீக்கிரமே இந்த இடத்தில் வந்து நிற்பார்கள். இருக்கிற பணத்தை, ஒரு தடத்தில் முதன்முதலாகப் பறந்த விமானம் சுமந்துவந்த முதல் பறப்புக் கவர்களில் போடுவதா, இல்லை யாரோ யாருக்கோ காரியமாக எழுதி, விமானத்தில் போய்ச் சேர்ந்த சாதாரணக் கவர்களில் போடுவதா? இரண்டையும் கொஞ்ச காலம் சேர்த்துவிட்டு நான் இரண்டாவது பக்கம் சாய்ந்துவிட்டேன். முதல் வகையில் கையில் இருந்ததில் பாதியைக் கொடுத்து மற்றதை வாங்கியிருக்கிறேன். ஆகவே நடுநிலை எதிர்பார்க்காதீர்கள்.

முதல் பறப்புக்குக் கவர்ச்சி இல்லாமல் இல்லை. 1911 பிப்ரவரி 18 அன்று அலகாபாத் கண்காட்சித் திடலிலிருந்து நைனிக்கு ஆன்ரி பெக்கே என்ற 23 வயது பிரெஞ்சுக்காரர் சுமார் 6,500 கடிதங்களை எடுத்துக்கொண்டு பறந்தார். அரசு முறையில் நடந்த உலகின் முதல் விமானத் தபால் என்று அதைத்தான் சொல்கிறார்கள். விமானமும் மலையும் போட்ட அந்த முத்திரையைப் பார்த்தால் யாருக்கும் ஆசை வரும். அடுத்து 1932 அக்டோபர் 15. கராச்சியிலிருந்து அகமதாபாத் வழியாக பம்பாய் வரை ஜே.ஆர்.டி. டாடா, அங்கிருந்து பெல்லாரி வழியாகச் சென்னை வரை நெவில் வின்சென்ட், ஒரு குட்டி புஸ் மாத் விமானம். சென்னைக்காரன் எவனும் அந்தக் கவரை வேண்டாம் என்று சொல்லமாட்டான், நானும் விற்கவில்லை.

ஆனால் வாங்கிய பிறகு அதை வைத்து என்ன செய்வது? தேதி, விமானி, விமானம், எத்தனை கடிதம் என்று எல்லாம் கேட்டலாக்கில் அச்சாகியிருக்கிறது. பெரும்பாலான கவர்களில் அனுப்பியவரும் சேகரிப்பாளர், பெற்றவரும் சேகரிப்பாளர், உள்ளே ஒரு துண்டுக் காகிதம்கூட இருக்காது. ஒன்றைப் பார்த்தால் நூறைப் பார்த்த மாதிரி. 1911 கவர் வேண்டுமென்றால் போலி முத்திரைப் பயம் வேறு, நிபுணர் சான்றிதழ் இல்லாமல் தொடவே கூடாது. ஆராய்ச்சி என்று சொல்லிக்கொள்ள மிச்சம் இருப்பது அசலா போலியா என்பது மட்டும்தான்.

சாதாரணக் கவரில் கதை நேர் எதிர். என்னிடம் இருக்கிற ஒன்றைச் சொல்கிறேன். 1934இல் மலாயாவின் ஈப்போவிலிருந்து தேவகோட்டைக்கு வந்தது. பாயும் புலி போட்ட மலாய்த் தபால்தலைகள், மூலையில் நீல நிற விமான லேபிள், பெயருக்கு முன்னால் ‘மூனா ரூனா’ என்று முன்னெழுத்துகள் நீளும் நகரத்தார் விலாசம். லேபிளின் மேல் குறுக்காக இரண்டு கோடு அடித்திருக்கும். விமானப் பயணம் இத்தோடு முடிந்தது, இனி ரயில் என்று தபால்காரர்களுக்குச் சொல்லும் அடையாளம் அது. பிரிட்டிஷ் விமானக் கம்பெனியான இம்பீரியல் ஏர்வேஸ் கல்கத்தா, ரங்கூன் தாண்டி சிங்கப்பூர் வரை நீண்டது 1933இல்தான். ஆக ஈப்போவிலிருந்து ரயிலில் வட மலாயாவின் அலோர் ஸ்டார், அங்கிருந்து விமானத்தில் பாங்காக், ரங்கூன் வழியாகக் கல்கத்தா, பிறகு சென்னை மெயில் என்று வழியைக் கோர்க்கலாம். அதோடு முடிந்ததா என்றால் இல்லை. டச்சு கே.எல்.எம். விமானமும் அலோர் ஸ்டாரில் இறங்கும். இது எதில் வந்தது? ஈப்போ முத்திரையின் தேதியையும் தேவகோட்டை முத்திரையின் தேதியையும் இரண்டு கம்பெனிகளின் கால அட்டவணையோடும், அந்த வார நாளிதழில் வந்த விமான வரவுச் செய்தியோடும் ஒட்டிப் பார்க்க வேண்டும். பழைய நாளிதழ்க் கட்டுகளைப் புரட்டிக்கொண்டு உட்கார்ந்தால் பொழுது போவதே தெரியாது. வட்டிக் கணக்கு எழுதிய யாரோ ஒரு ஏஜென்ட்டின் அவசரம் நமக்கு இப்படி வேலை வைக்கிறது.

இதைவிட நுணுக்கமானது 1938–39 காலத்து லண்டன் கவர்கள். 1938 பிப்ரவரியில் பிரிட்டிஷ் சாம்ராஜ்ய விமானத் தபால் திட்டம் இந்தியா, பர்மா, மலாயா, இலங்கைக்கு விரிந்தது. தனிக் கட்டணமும் கிடையாது, லேபிளும் தேவையில்லை. லண்டனிலிருந்து அரை அவுன்ஸுக்கு ஒன்றரை பென்னி ஒட்டிப் பெட்டியில் போட்டால் விமானத்தில் வந்துவிடும். 1939 செப்டம்பரில் போர் வந்ததும் திட்டம் நின்றுபோனது. அதனால் அந்தக் கவரின் முகப்பில் விமானம் என்ற பேச்சே இருக்காது. பழுப்பு நிற ஒன்றரை பென்னி, ஆறாம் ஜார்ஜ் தலை, அவ்வளவுதான், வியாபாரிகள் சாதாரணக் கவர்க் குவியலில் தள்ளிவிடுவார்கள். புரட்டிப் பின்பக்கம் பாருங்கள். லண்டன் முத்திரைக்கும் சென்னை முத்திரைக்கும் இடையில் ஒரு வாரம்தான் என்றால் அது பறந்து வந்தது, கப்பலென்றால் இரண்டு வாரத்துக்கு மேல் ஆகும். இந்தக் கணக்கு ஒன்றுக்காகவே நான் கட்சி மாறினேன் என்று சொல்லலாம். முதல் பறப்புக் கவர் தன் கதையைத் தானே நெற்றியில் ஒட்டிக்கொண்டு வருகிறது, இது நாம் கேட்டால்தான் வாயைத் திறக்கிறது.

விலையில் சாதாரணக் கவர் மலிவு, சொல்ல வேண்டியதே இல்லை. ஆனால் திருப்பி விற்கப் போனால் முதல் பறப்புதான் ஜெயிக்கும், அதை மறைப்பதில் அர்த்தமில்லை. ஏலப் பட்டியலில் ‘1932, கராச்சி–சென்னை’ என்று ஒரு வரி போதும், கை தூக்க ஆள் இருக்கும். என் தேவகோட்டைக் கவருக்கு ஒரு பக்கம் விளக்கம் எழுத வேண்டும், எழுதினாலும் அதைப் படித்து வாங்கும் ஆள் அபூர்வம். முதலீடாகப் பார்க்கிறவர்கள் இந்தக் கட்டுரையை இங்கேயே விட்டுவிடலாம்.

பராமரிப்பில் இரண்டுக்கும் வித்தியாசம் கிடையாது. பி.வி.சி. ஆல்பம் வேண்டாம், சென்னை ஈரப்பதத்துக்கு சிலிக்கா ஜெல் வேண்டும், தபால்தலையைக் கவரிலிருந்து பிரிக்கவே கூடாது, சரி.

விபத்துக் கவர்கள் என்று மூன்றாவது ஒரு வகை உண்டு. 1935 டிசம்பர் 31 அன்று அலெக்சாண்ட்ரியா கடலில் விழுந்த ‘சிட்டி ஆஃப் கார்ட்டூம்’ விமானத்தின் தபால், தபால்தலைகள் கழன்று, கடல் நீரில் கெட்டது என்ற முத்திரையோடு இந்தியா வந்து சேர்ந்தது. அதில் நான் கைவைத்ததில்லை. நண்பர் ஒருவரிடம் ஒன்றைக் கையில் வாங்கிப் பார்த்ததோடு சரி, அதனால் நல்லது கெட்டது சொல்ல எனக்குத் தகுதி போதாது. நனைந்த கவரில் போலி செய்வது சுலபமாக இருக்குமோ என்ற சந்தேகம் மட்டும் உண்டு.

எதை வாங்கினாலும் விற்பவரிடம் முன்பக்கப் படத்தோடு நிற்காமல் பின்பக்கப் படத்தையும் கேளுங்கள். அனுப்ப மறுக்கிறவரிடம் நான் விலைகூடக் கேட்பதில்லை.