பாறை மலைக்கு அப்ரோச் ஷூ: ஒரு நாள் ஏறி இறங்கிய அனுபவம்

நண்பர்கள் ஆறு பேர் விடிவதற்கு முன்பே கிளம்பி, ஒரு பாறை மலையில் ஏறிவிட்டு இருட்டுவதற்குள் இறங்கி வந்தோம். அந்த ஒரு நாளை வைத்துத்தான் என் புது அப்ரோச் ஷூவைப் பற்றி எழுதுகிறேன். பாதி தூரம் நடை, பாதி தூரம் கையை ஊன்றிப் பாறை ஏற்றம் என்று இருக்கும் மலைகளுக்காகவே செய்கிற ஷூ இது. மேலிருந்து பார்த்தால் சாதாரண ஷூதான். திருப்பிப் பார்த்தால் கட்டைவிரலுக்குக் கீழே மட்டும் பள்ளம் மேடு எதுவும் இல்லாமல் வழவழவென்று ஒரு திட்டு இருக்கும். வாங்கும்போது, இங்கே மட்டும் ஏன் க்ரிப் வைக்காமல் விட்டார்கள் என்று யோசித்தேன். அங்கேதான் க்ரிப்பே இருக்கிறது என்பது மலையில் தெரிந்தது. விரல் அகல விளிம்பில் நுனிக்காலை வைத்து எடையைக் கொடுத்தால் அந்தத் திட்டு முழுசாகப் பாறையில் பதிகிறது, கட்டை கட்டையான சோலாக இருந்தால் ஓரத்துக் கட்டை ஒன்று மட்டும் பட்டு மடங்கிவிடும்.

சோல் விப்ரம் நிறுவனத்தின் மெகாக்ரிப் ரப்பர். இந்தப் பெயருக்குப் பின்னால் ஒரு துயரம் இருக்கிறது. 1935இல் இத்தாலிய ஆல்ப்ஸில், பின்னாளில் இந்த நிறுவனத்துக்குத் தன் பெயரையே சுருக்கி வைத்த விட்டாலே பிரமானியோடு மலையேறப் போனவர்களில் ஆறு பேர் இறந்துபோனார்கள், காலணி சரியில்லாததும் ஒரு காரணம். அப்போதெல்லாம் ஆணி அடித்த கனத்த தோல் பூட்ஸில் நடந்து போய், பாறை வந்ததும் மெல்லிய ஷூவுக்கு மாறுவார்களாம். இரண்டுக்கும் ஒரே சோல் வேண்டும் என்று பிரமானி 1937இல் கொண்டுவந்ததுதான் பள்ளம் வெட்டிய ரப்பர் சோல். நாங்களும் ஆறு பேர் என்பதாலோ என்னவோ, ஏறும்போது அது அடிக்கடி நினைவுக்கு வந்தது.

சரி, ஷூவுக்கு வருகிறேன். காய்ந்த சரிவுப் பாறையில் பாதம் முழுவதும் பதிய வைத்து நிமிர்ந்து நடந்தால் அசையவே இல்லை. பயத்தில் பாறைப் பக்கம் சாய்ந்தால்தான் கால் நழுவுகிறது, எடை காலுக்கு நேராக இறங்காமல் போவதுதான் காரணம். ஆனால் பாறை மேல் பொடிச்சரளை கிடந்தால் எந்த ரப்பராலும் ஒன்றும் செய்ய முடியாது. ஓரிடத்தில் நானே நன்றாகச் சறுக்கி உட்கார்ந்தேன். ஈரப் பாசியிலும் அப்படித்தான், சுற்றிப் போய்விடுங்கள்.

இறக்கத்தில்தான் அளவின் அருமை தெரியும். நாள் முழுக்க நடந்தால் கால் வீங்கும், அதனால் மாலையில், மலைக்குப் போடும் அதே சாக்ஸோடு போய் அளவு பாருங்கள். கடைசி ஓட்டையில் லேஸை வளையமாக்கி எதிர்ப்பக்க லேஸை அதற்குள் விட்டு இழுத்துக் கட்டினால் குதிகால் பின்னால் நின்றுவிடும், விரல் முன்னால் போய் இடிக்காது. இதைப் பாதி இறக்கத்தில்தான் செய்தேன், அதற்குள் ஒரு நகம் கறுத்துவிட்டது.

குறை இருக்கிறது. கணுக்கால் வரை உயரம் இல்லாததால் சரளை உள்ளே போகிறது, மூன்று முறை கழற்றிக் கொட்டினேன். அடி விறைப்பாக இருப்பதால் சமதளத்தில் நீண்ட நேரம் நடந்தால் பாதம் வலிக்கிறது. முழு நாள் நடையும் மண் பாதைதான் என்றால் இது வேண்டாம்.

அப்புறம் ஒரு விஷயம். எங்களில் ஒருவன் பல வருடம் பெட்டியிலேயே வைத்திருந்த விலை உயர்ந்த பூட்ஸைப் போட்டு வந்தான், பார்க்கப் புதிது. உச்சிக்குக் கொஞ்சம் முன்னால் ஒரு சோல் வாயைப் பிளந்தது, நடுவில் இருந்த நுரை பழைய ஸ்பாஞ்சு மாதிரி விரலில் உதிர்ந்தது. பாலியூரித்தேன் நுரை காற்றில் உள்ள ஈரத்தாலேயே மெல்ல மெல்லச் சிதையும், போடாமல் வைத்தாலும் சிதையும். பழைய ஷூ என்றால் கிளம்புவதற்கு முன் அந்த நடுப்பகுதியை நகத்தால் அழுத்தி, சோலையும் வளைத்துப் பாருங்கள், விரிசல் தெரிந்தால் போடாதீர்கள். மாற்று லேஸால் பூட்ஸைச் சுற்றிச் சுற்றிக் கட்டி, அவனை எங்களுக்கு நடுவில் நடக்க விட்டு, கீழே வந்து சேர எங்களுக்கு இரண்டு மணி நேரம் கூடுதலாக ஆனது. வண்டியில் ஏறியதும் அவன் முதலில் கேட்டது, என் ஷூவின் சைஸ் என்ன என்றுதான்.