ஃபோர்ட் கொச்சி தோபி கானா: ஒரு லாண்டரிக்காரன் துணி போட்டுப் பார்த்தபோது

பதினோரு வருஷமாக லாண்டரியில் வேலை பார்க்கிறவன் காசு கொடுத்து வெளியே துணி போட்டேன் என்றால் வீட்டில் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். கொச்சிக்குப் போயிருந்தபோது பையில் இரண்டு வேட்டி, ஒரு வெள்ளைச் சட்டை அழுக்காகக் கிடந்தன, வேளி பக்கம் இருக்கிற தோபி கானாவுக்கு, அதாவது கையால் துவைக்கிற சலவைக்கூடத்துக்கு, ஆட்டோ பிடித்துவிட்டேன்.

டச்சுக்காரர்கள் தங்கள் சிப்பாய்களின் சீருடையை வெளுக்கக் கொண்டுவந்த தமிழ் வண்ணார் குடும்பங்களின் வழிவந்தவர்கள் இன்றும் அங்கே துவைக்கிறார்கள். இப்போதுள்ள கட்டடம் 1976-ல் கட்டியது. ஆளுக்கு ஒரு தடுப்பு, தொட்டி, துவைக்கிற கல். துணியை வாங்கிய பெரியவர் தமிழிலேயே, "நாளைக்கு சாயங்காலம் வாங்க தம்பி" என்றார். அப்புறம் சட்டைக் காலரை விரலால் தடவிவிட்டு, "மெஷின்ல போட்டதா?" என்று கேட்டார். எங்கள் லாண்டரி பிளான்ட்டில் போட்டதுதான்!

காயப்போடும் இடத்தில்தான் நான் அரை மணி நேரம் நின்றுவிட்டேன். கிளிப்பே கிடையாது. இரண்டு கயிற்றைச் சேர்த்து முறுக்கிக் கட்டி, அந்த முறுக்குக்குள் துணியின் நுனியைச் செருகிவிடுகிறார்கள், கடல் காற்று எவ்வளவு அடித்தாலும் அசையவில்லை. கிளிப் தடமும் துருக் கறையும் எடுக்க நாங்கள் படும் பாடு தெரிந்தவர்களுக்கு இதன் அருமை புரியும்.

வேட்டிக்கு அரிசிக் கஞ்சி, அளவாக. பிரித்தால் மொடமொடவென்று சத்தம் வருகிறது, ஆனால் இடுப்பில் குத்தவில்லை. கரை நேராகப் படிந்திருந்தது. எங்கள் காலண்டரில் (சூடான உருளைகளுக்கு நடுவே துணியை விட்டு இஸ்திரி போடும் மெஷின்) விட்டால் கரை ஒரு பக்கம் இழுத்துக்கொண்டு நடுத்துணி அலை அலையாக நிற்கும். வெள்ளைக்குப் பத்துக்குப் பத்து கொடுப்பேன்.

இந்த வேலைக்கு வரலாமா என்று சில தம்பிகள் கேட்கிறார்கள், அவர்களுக்கும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். தோபி கானாவில் பீஸ் கணக்கு, மழை பெய்தால் வருமானம் அடிபடும், நான் பார்த்த கைகள் பெரும்பாலும் வயதானவர்களுடையவை. மெஷின் லாண்டரியில் மாதச் சம்பளம், பி.எஃப்., 21,000 ரூபாய்க்குள் வாங்கினால் இ.எஸ்.ஐ. உண்டு, ஆனால் நாள் முழுக்க நிற்க வேண்டும், மே மாதத்தில் காலண்டர் பக்கம் போனால் சட்டையைப் பிழியலாம். ஆஸ்பத்திரி லினன் என்றால் ஷீட் மடிப்பில் ஊசி இருக்கும், கண்ணை மூடிக்கொண்டு அள்ளக் கூடாது. நான் முதலில் சேர்ந்த இடத்தில் யாரும் எதையும் சொல்லித் தரவில்லை. குளோர்ஹெக்ஸிடின் என்கிற கிருமிநாசினி பட்ட ஷீட்டுகள் என்று தெரியாமல் ஹைப்போ, அதாவது குளோரின் பிளீச், ஊற்றிவிட்டேன், அத்தனையும் பழுப்பு, எத்தனை முறை ரீவாஷ் போட்டும் போகவில்லை. சம்பளத்தில் பிடித்தார்கள். துணியைத் தொட்டுப் பார்த்து அதன் சரித்திரத்தைச் சொல்லும் ஒரு பெரியவர் அன்று பக்கத்தில் இருந்திருந்தால் அந்தக் காசு மிஞ்சியிருக்கும், அதனால் சேருவதற்கு முன் மெஷின் எந்த கம்பெனி என்று கேட்காதீர்கள், யார் சொல்லித் தருவார்கள் என்று கேளுங்கள்.

போகிறவர்கள் வெயில் ஏறும் நேரத்தில் போங்கள், கயிறு முழுக்கத் துணி இருக்கும். மழைக்காலத்தில் அவசரத் துணி கொடுக்காதீர்கள், வெயிலை நம்பித்தான் தொழில். கரை வைத்த வேட்டி இருந்தால் கட்டாயம் கொடுங்கள். என்னுடைய இரண்டாவது வேட்டியை இன்னும் பிரிக்கவில்லை, புதிதாகச் சேரும் பையன்களுக்கு மடிப்பைக் காட்ட பிளான்ட் அலமாரியில் வைத்திருக்கிறேன்.