ஃபெய்ஜோவா: விதை நாற்றா, ஒட்டுச் செடியா?

தென்பிரேசிலிலும் உருகுவேயிலும் பிறந்த அன்னாசிக் கொய்யா, நியூசிலாந்தின் வீட்டுத் தோட்டங்களில் ஃபெய்ஜோவா என்ற பெயரில் வேரூன்றிவிட்டது. அங்கே நடுவோர் முதலில் முடிவு செய்ய வேண்டியது, விதை நாற்றா, பெயர் பெற்ற ரகத்தின் ஒட்டுச் செடியா என்பதுதான்.

உயிர்வேலி மட்டும் போதுமென்றால் விதை நாற்று நல்லது. விலை குறைவு, நிறைய வாங்கி நெருக்கமாக நடலாம். மேலே பச்சை, அடியில் வெள்ளி என்று காற்றில் புரளும் இலையழகு இரண்டிலும் ஒன்றே. ஆனால் பழம் தாய்ச்செடியினுடையதைப் போலவே இருக்காது. காய்க்கவும் கூடுதல் ஆண்டுகள் பிடிக்கும்.

பழம் வேண்டுமென்றால் ஒட்டுச் செடியைத்தான் சொல்வேன். ‘யூனிக்’ தன் மகரந்தத்திலேயே காய்க்கும். ஒரே செடிக்கு இடமுள்ளவர்களுக்கு அது வரம். ‘அப்பல்லோ’வின் பழம் பெரிது, பக்கத்தில் வேறொரு ரகம் இருந்தால் விளைச்சல் கூடும். மகரந்தத்தைச் சுமப்பவை, சதைப்பற்றான இனிப்பு இதழ்களைத் தின்ன வரும் மைனா போன்ற பறவைகள். அந்த இதழ்களை நாமும் தின்னலாம். பூவின் நடுப்பகுதியைத் தொடாமல் விட்டால் காய் பிடிக்கும்.

எதை நட்டாலும் பறிக்க அவசரம் வேண்டாம், பழுத்தால் தானே உதிரும். கத்தரிப்பதை அறுவடை முடிந்ததும் செய்துவிடுங்கள். பூ புதுத் தளிரில்தான் வரும். வசந்தத்தில் வெட்டினால் அவ்வாண்டுப் பழமும் வெட்டுண்டு போகும்.