'விரக்தி'க்குப் பொருள் பார்க்க எந்த அகராதி?

'விரக்தி' என்ற சொல்லைச் சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ் லெக்சிகனில் தேடுபவர் முதலில் திகைத்துப் போவார். நாலாவது முறையும் தேர்வில் தோற்றவன் முகத்தில் தெரிகிறதே, அந்த விரக்தி அங்கே இல்லை. உலகப் பற்று நீங்குவதுதான் இருக்கிறது. அகராதியின் பிழையல்ல அது. வடமொழியில் 'ரக்தி' என்றால் பற்று, 'வி' சேர்ந்தால் பற்றின் நீக்கம். பழைய மடத்து வரலாற்றில் ஒருவருக்கு இளமையிலேயே விரக்தி உண்டாயிற்று என்று வந்தால் அது பாராட்டு. இன்றைய பொருளோடு படித்தால் துறவி மனமுடைந்தவராகிவிடுவார். லெக்சிகனின் ஆறு தொகுதிகள் 1924 முதல் 1936 வரை வந்தவை. பழைய நூல் படிக்க அதைவிட நல்ல துணை கிடையாது.

சிகாகோ பல்கலைக்கழகத்தின் தெற்காசிய அகராதித் தளத்தில் அதை இலவசமாகப் பார்க்கலாம். 'விரக்தியில்', 'விரக்தியோடு' என்று உருபோடு தட்டினால் கிடைக்காது. 'விரக்தி' என்று மட்டும் கொடுங்கள். பழைய நூல்களில் 'விரத்தி' என்றும் எழுதுவார்கள், அதையும் தேடிவிடுங்கள். வினைச்சொல்லானால் பகுதியைப் பிடிக்க வேண்டும்: 'இடிந்துபோனான்' என்பதற்கு 'இடி'. மிகவும் பயன்படுவது, ஆங்கில விளக்கம் உட்படப் பதிவு முழுவதிலும் தேடும் வசதி. 'மனச்சோர்வு' என்பதற்கான ஆங்கிலச் சொல்லைக் கொடுத்தால், நாம் மறந்துவிட்ட தமிழ்ச் சொற்கள் வந்து நிற்கும்.

இன்றைய வழக்குக்குக் க்ரியா பதிப்பகத்தின் தற்காலத் தமிழ் அகராதிதான். 1992இல் வந்தது, 2008லும் 2020லும் விரிவாக்கப்பட்டது. தமிழிலேயே விளக்கம், ஆங்கிலப் பொருள், எடுத்துக்காட்டு வாக்கியம் என்று தருவதால் சொல்லை எங்கே வைப்பது என்பது பிடிபடும்.

ஆனால் பக்கத்துச் சொற்களோடு ஒப்பிட்டு நாமேதான் தெளிய வேண்டும். எதிர்பார்த்த ஒன்று நடக்காவிட்டால் ஏமாற்றம். செய்ததையே செய்தால் சலிப்பு. ஏமாற்றம் பலமுறை படிந்து, இனி முயல்வதில் பயனில்லை என்று மனம் கைவிடும்போதுதான் விரக்தி. ஒரு நாள் கடை பூட்டியிருந்ததற்கு 'விரக்தி அடைந்தேன்' என்று எழுதினால் ஒட்டாது. கோபமும் இதில் தணிந்துபோயிருக்கும். கோபப்படுபவனுக்கு இன்னும் எதிர்பார்ப்பு மிச்சமிருக்கிறது. 'ஃபிரஸ்ட்ரேஷன்' வரும் இடத்திலெல்லாம் விரக்தி என்று மொழிபெயர்ப்பது இதனால்தான் தவறிப்போகிறது. ஆசை விட்டுப்போன அந்தப் பழைய பொருளின் நிழல் 'விரக்தியாகச் சிரித்தான்' என்பதில் இன்னும் தெரிகிறது. 'விரக்தி அடைந்தான்', 'விரக்தியில் சொன்னான்' இரண்டும் சரி. 'விரக்திப்பட்டான்' வழக்கில் இல்லை. கதையில் பேச்சாக எழுதினால் 'வெறுத்துப் போச்சு' போதும்.