தேங்க்ஸ்கிவிங் வாரம்: பல்சமய வழிபாடா, கச்சேரியா, ஊர்ப் பந்தியா?

அமெரிக்காவில் நவம்பர் பாதி தாண்டிவிட்டால் நம்மவர் வீடுகளில் இரண்டு பேச்சுதான் ஓடும்: இந்த வருடம் யார் வீட்டில் சாப்பாடு, எந்தக் கடையில் என்ன தள்ளுபடி. அதே வாரத்தில் ஊருக்கு ஊர் நடக்கும் பல்சமயக் கூட்டங்கள் நம் கண்ணில் படுவதே இல்லை. கண்ணில் பட்டாலும் குழப்பம்தான். ஒரு நோட்டீஸில் நன்றி வழிபாடு என்று இருக்கும், இன்னொன்றில் பல்சமய இசை மாலை என்று இருக்கும், மூன்றாவது ஊர் விருந்துக்குக் கூப்பிடும். வெளியே இருந்து பார்த்தால் எல்லாம் ஒன்றுபோலத் தெரியும். உள்ளே போனால் ஒவ்வொன்றும் நம்மிடம் கேட்பது வேறு, நமக்குத் தருவது வேறு.

நான் இவற்றை எடைபோடுவது ஒரே கேள்வியை வைத்துத்தான். வீடு திரும்பும்போது, ஒரே ஊரில் இருந்தும் இதுவரை பேசியிராத ஒருவரின் பெயராவது நமக்குத் தெரிந்திருக்குமா?

இந்தக் கூட்டங்களுக்கு தேங்க்ஸ்கிவிங் தோதாக அமைந்ததற்குக் காரணம் உண்டு. லிங்கன் 1863-இல், உள்நாட்டுப் போர் நடந்துகொண்டிருந்தபோது, நவம்பர் கடைசி வியாழனை நன்றி நாளாக அறிவித்தார். நான்காவது வியாழன் என்று சட்டமாக நிலைத்தது 1941-இல். கடவுளுக்கு நன்றி சொல்லும் நாள்தான், ஆனால் எந்தக் கடவுள் என்று சட்டம் சொல்லவில்லை. தொடக்கத்தில் பல ஊர்களில் பிராட்டஸ்டன்ட்டுகள், கத்தோலிக்கர், யூதர் மட்டும் சேர்ந்து இந்தக் கூட்டங்களை நடத்தினார்கள். 1965 குடியேற்றச் சட்டத்துக்குப் பிறகு வந்த இந்துக்களும் முஸ்லிம்களும் சீக்கியரும் மெல்லச் சேர்ந்தார்கள். 2001 செப்டம்பர் தாக்குதலுக்குப் பிறகு பல ஊர்களில் இந்த அழைப்புக்கு ஒரு அவசரமும் வந்தது.

முதலில் வழிபாட்டை எடுத்துக்கொள்வோம். பெரும்பாலும் தேங்க்ஸ்கிவிங்குக்கு முந்தைய ஞாயிறு மாலையில், இல்லையென்றால் செவ்வாயோ புதனோ இரவு ஏழு மணி வாக்கில் நடக்கும். டிக்கெட் கிடையாது. பல ஊர்களில் இடம் ஆண்டுக்கு ஆண்டு மாறும்: ஒரு வருடம் மெதடிஸ்ட் சர்ச், அடுத்த வருடம் யூத ஆலயம், அப்புறம் பள்ளிவாசல். இந்த முறைமாற்றம்தான் இதன் பெரிய பலம் என்பேன். அந்தப் பள்ளிவாசலைக் காரில் கடந்து போக மட்டுமே தெரிந்த ஊர்க்காரர், அன்று செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு உள்ளே வந்து கம்பளத்தில் உட்காருகிறார். வேறு எந்த அழைப்புக்கும் அவர் வந்திருக்க மாட்டார்.

நிகழ்ச்சி ஏறக்குறைய ஒரே அச்சில்தான் போகும். வாசலில் நிரல் தாள் தருவார்கள். ஒவ்வொரு சமயத்துக்கும் மூன்று அல்லது நான்கு நிமிடம். பாங்கு ஓதுவார்கள், யூத வேதத்திலிருந்து எபிரேயத்தில் ஒரு துதிப்பாடல் வரும், சீக்கியர்கள் கீர்த்தனம் பாடுவார்கள், நம்மவர் ஒரு சுலோகம் சொல்வார். நடுவில் காணிக்கைத் தட்டு சுற்றி வரும்; அந்தப் பணம் பெரும்பாலும் ஊர் உணவு வங்கிக்குப் போகும். குறையையும் சொல்ல வேண்டும். மேடையேறுகிற எல்லோரும் நல்லதையே பேசுவதால், நான்காவது ஆளுக்கு மேல் பேச்சு மனதில் நிற்பதில்லை. சின்னப் பிள்ளைகள் நெளிய ஆரம்பித்துவிடுவார்கள். நமக்கு ஒதுக்கும் மூன்று நிமிடத்தையும் நாம் வீணடிக்கிறோம் என்பது என் வருத்தம். அர்த்தம் சொல்லாமல் அவசரமாக ஒரு சுலோகத்தை முடித்துவிட்டு இறங்குவதைவிட, ஒரு தமிழ்ப் பாடலை நிதானமாகப் பாடி, அதன் பொருளை ஆங்கிலத்தில் இரண்டே வரியில் ஒரு பிள்ளையை விட்டுச் சொல்லச் சொன்னால் கூட்டம் நிமிர்ந்து உட்காரும்.

நிகழ்ச்சி முடிந்து பக்கத்து ஹாலில் காபி குடிக்கப் போகும் அந்த அரை மணி நேரத்தைத் தவறவிடக் கூடாது. நீள மேசையில் பூசணிப் பை (pie) என்ற இனிப்பு, ஆப்பிள் சைடர், யாரோ கொண்டுவந்த சமோசா. பக்கத்தில் ஹலால், கோஷர் (யூதர்களின் உணவு விதிப்படி செய்தது), நட்ஸ் இல்லை என்று கையால் எழுதிய சீட்டுகள். சைவம் சாப்பிடுபவர்கள் அந்தப் பூசணிப் பையின் மாவு ஓட்டில் பன்றிக்கொழுப்பு சேர்த்திருக்கிறதா என்று ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள், யாரும் தவறாக நினைக்க மாட்டார்கள். அந்தக் கேள்வியிலிருந்தே பேச்சு ஆரம்பித்துவிடும். நிகழ்ச்சி முடிந்ததும் நேராக பார்க்கிங்குக்கு நடப்பவர்கள் பாதியைத்தான் பார்த்தார்கள் என்று அர்த்தம்.

வழிபாட்டுக்கு இன்னொரு சிக்கல் உண்டு. சேர்ந்து உட்காருவது வேறு, சேர்ந்து பிரார்த்திப்பது வேறு என்று கருதும் சமயங்கள் பல. 2001 செப்டம்பர் 23-ஆம் தேதி நியூயார்க் யாங்கி ஸ்டேடியத்தில் நடந்த பல்சமயப் பிரார்த்தனையில் கலந்துகொண்டதற்காக, மிசூரி சினாட் லுத்தரன் சபையின் டேவிட் பென்கி என்ற மாவட்டத் தலைவர் 2002-இல் பொறுப்பிலிருந்து இடைநீக்கம் செய்யப்பட்டார். 2003-இல்தான் அந்த நடவடிக்கை விலக்கப்பட்டது. ஆர்த்தடாக்ஸ் யூதர்களில் பலர் சர்ச்சின் வழிபாட்டுக் கூடத்துக்குள் கால் வைக்க மாட்டார்கள். 2007-இல் டெக்சஸ் மாநிலம் ஆஸ்டினில், இடம் தருவதாக ஒப்புக்கொண்டிருந்த ஒரு பாப்டிஸ்ட் சர்ச், முஸ்லிம்கள் தங்கள் வளாகத்தில் தொழப்போவது தெரிந்ததும் கடைசி நேரத்தில் பின்வாங்கியது. அந்த வருட நன்றிக் கூட்டத்துக்கு ஒரு யூத ஆலயம் கதவைத் திறந்துவிட்டது. இப்படிப்பட்ட உரசல்கள் நடப்பதாலேயே வழிபாட்டை நான் மதிக்கிறேன். யாருக்கும் வலிக்காத கூட்டமாக இருந்திருந்தால் இத்தனை வருடம் இதற்காக யாரும் மெனக்கெட்டிருக்க மாட்டார்கள்.

கச்சேரி இந்தச் சிக்கலைச் சுற்றிக்கொண்டு போகிறது. யாரும் யாருடைய கடவுளையும் கும்பிட வேண்டாம். அவரவர் பாட்டை அவரவர் பாடுவார்கள், மற்றவர்கள் கேட்பார்கள். தலைநகர் வாஷிங்டனில் 1978-இல் தொடங்கிய பல்சமய அமைப்பு ஒன்று பல ஆண்டுகள் இப்படி இசை நிகழ்ச்சிகள் நடத்தியிருக்கிறது. யூத ஆலயக் குழுவும் மார்மன் குழுவும் இந்து பஜனைக் குழுவும் ராகிகள் எனப்படும் சீக்கியப் பாடகர்களும் ஒரே மாலையில் மாறி மாறிப் பாடுவார்கள். கேட்க அருமையாக இருக்கும். பிள்ளைகளும் உட்காருவார்கள். ஆங்கிலப் பேச்சு புரியாமல் தவிக்கும், ஊரிலிருந்து வந்திருக்கும் அப்பா அம்மாவுக்கு இதைவிட நல்ல மாலை கிடைக்காது.

ஆனால் கச்சேரியிலும் முள் உண்டு. இசைக்கருவிகள் கூடாது என்று கருதும் முஸ்லிம்கள் இருப்பதால், அவர்கள் பங்காக வருவது பல நேரம் குர்ஆன் ஓதல். அது இசை நிகழ்ச்சியாக வைக்கப்பட்டது கிடையாது, அதற்குக் கைதட்டுவதும் சரியாக இருக்காது. அடுத்த நிமிடமே காஸ்பல் என்ற துள்ளலான கிறிஸ்தவப் பாட்டுக் குழு வந்து எல்லோரையும் எழுந்து தட்ட வைக்கும். இந்த மாற்றத்தை நன்றாகக் கையாளும் ஏற்பாட்டாளர்கள், எதற்குக் கைதட்டலாம், எதற்கு அமைதி காக்கலாம் என்று நிரல் தாளிலேயே போட்டுவிடுவார்கள். அப்படிப் போடாத இடங்களில் கூட்டம் தடுமாறும்.

நான் வைத்த கேள்விக்குக் கச்சேரியில் பதில் அவ்வளவாகக் கிடைப்பதில்லை. விளக்கை அணைத்துவிடுகிறார்கள், எல்லோரும் மேடையைப் பார்க்கிறார்கள், முடிந்ததும் கலைந்துவிடுகிறார்கள். பக்கத்து நாற்காலிக்காரர் யாரென்று கடைசிவரை தெரியாது. கேட்பதற்கு மட்டும் போவதாக இருந்தால் கச்சேரிக்கே என் ஓட்டு. மனிதர்களைத் தெரிந்துகொள்ள என்றால் வழிபாட்டுக்குத்தான்.

இரண்டுக்கும் மேலே நான் வைப்பது கூட்டுப் பாட்டுக் குழுவை. பல ஊர்களில் வழிபாட்டிலோ கச்சேரியிலோ கடைசிப் பாட்டுக்காக எல்லாச் சமயத்தாரும் கலந்த ஒரு குழுவைச் சேர்ப்பார்கள். அதற்கு வாரம் ஒரு மாலை என்று சில வாரங்கள் ஒத்திகை இருக்கும். நன்றாகப் பாட வேண்டும் என்ற கட்டாயம் இல்லை, நேரத்துக்கு வந்தால் போதும். ஒரே வரியைப் பத்துத் தடவை பாடும்போது பக்கத்தில் நிற்பவரின் பெயர், வேலை, பிள்ளைகள் எல்லாம் தானாகத் தெரிந்துவிடும். ஒத்திகைக்கு வர முடியாதபோது நம்மை யாராவது விசாரிப்பார்கள்.

கர்நாடக சங்கீதம் படித்த பிள்ளைகளுக்கு இங்கே ஒரு சின்னத் தடை வரும். அவர்களுக்கு நோட்டேஷன் தாளைப் பார்த்துப் பாடிப் பழக்கமிருக்காது. நான்கு குரலாகப் பிரிந்து பாடுவதும் புதிது. குழுத் தலைவரிடம் 'எனக்கு ஐந்து கட்டை' என்று சுருதியைச் சொன்னால் அவருக்கு ஒன்றும் புரியாது. ஒரு கட்டை என்பது பியானோவில் சி, ஐந்து கட்டை என்பது ஜி. ஜி-யில் எனக்கு வசதி என்று சொன்னால் உடனே பிடித்துக்கொள்வார். காதால் கேட்டு மனப்பாடம் செய்வதில் நம் பிள்ளைகள் கெட்டிக்காரர்கள், அதனால் ஒத்திகையை போனில் பதிவு செய்துகொள்ள அனுமதி வாங்கிவிட்டால் இரண்டே வாரத்தில் தேறிவிடுவார்கள்.

ஊர்ப் பந்தியைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பந்தி பெரிதாக நடக்கும் இடங்கள் உண்டு: டெக்சஸ் சான் அன்டோனியோவில் ரவுல் ஹிமெனெஸ் என்ற உணவகக்காரர் 1979-இல் தொடங்கிய விருந்து, ஆண்டுக்கு சுமார் 25,000 பேருக்குப் பரிமாறும் அளவுக்கு வளர்ந்தது. நல்ல காரியம்தான். ஆனால் தேங்க்ஸ்கிவிங் அன்று பரிமாற ஆட்கள் குவிந்துவிடுவார்கள். பல சமையற்கூடங்களில் பதிவு முன்கூட்டியே முடிந்துவிடும். அன்னதானத்தில் உண்மையாகவே அக்கறை இருந்தால், அதே இடத்தைக் கூப்பிட்டு ஜனவரியில், பிப்ரவரியில் எந்த நாள் ஆள் குறைவு என்று கேளுங்கள். குடும்பத்தோடு அப்போது போகலாம்.

கடைசியாக, நம்மவர்களில் மிகச் சிலரே எட்டிப்பார்த்திருக்கும் கூட்டம். மாசசூசெட்ஸ் பிளைமவுத்தில், கோல்ஸ் ஹில் என்ற மேட்டில், 1970 முதல் ஒவ்வொரு தேங்க்ஸ்கிவிங் நாளிலும் பூர்வகுடியினர் துக்க நாள் கடைப்பிடிக்கிறார்கள். ஆங்கிலேயக் குடியேறிகளோடு மேஃப்ளவர் கப்பல் அங்கே வந்த 350-ஆம் ஆண்டு விழாவுக்காக, வாம்பனோக் இனத்தைச் சேர்ந்த வாம்சுட்டா ஃபிராங்க் ஜேம்ஸ் என்பவரை மாநில அரசுத் தரப்பு பேச அழைத்தது. அவர் இசை ஆசிரியர், நியூ இங்கிலாந்து கன்சர்வேட்டரியில் படித்தவர். பேச்சை முன்கூட்டியே வாங்கிப் படித்துவிட்டு, அப்படியே பேச அனுமதி இல்லை என்றார்கள். மாற்றிப் பேச அவர் மறுத்துவிட்டார். அங்கிருந்து பிறந்தது இந்தக் கூட்டம். மேடையில் பேசுவது பூர்வகுடியினர் மட்டுமே. மற்றவர்கள் நின்று கேட்கலாம். ஆஷ்லண்ட் லட்சுமி கோயில் பக்கம் இருக்கும் தமிழ்க் குடும்பங்களுக்கு இது காரில் ஒரு மணி நேரம் போல. மேற்கே சான் பிரான்சிஸ்கோவில், 1969 நவம்பர் முதல் 1971 ஜூன் வரை பூர்வகுடியினர் கையில் வைத்திருந்த அல்கட்ராஸ் தீவில், அதே நாள் சூரிய உதயத்துக்கு ஒன்றுகூடுகிறார்கள். விடியும் முன்பே பியர் 33 என்ற படகுத்துறையிலிருந்து படகு கிளம்பும். டிக்கெட் சீக்கிரம் தீர்ந்துவிடும்.

இதை மற்ற மூன்றோடு தராசில் வைப்பது சரியல்ல. இங்கே யாரோடும் பழகப் போவதில்லை, விருந்தாளியாகப் போய் அமைதியாக நின்றுவிட்டு வருகிறோம். ஆனாலும் குடும்பத்தில் பதினைந்து, பதினாறு வயதுப் பிள்ளை இருந்தால் இதற்கே முதலிடம் கொடுப்பேன். பள்ளியில் அந்தக் குடியேறிகளைப் போலக் காகிதத் தொப்பி செய்து கொண்டாடிய கதைக்கு இன்னொரு பக்கம் இருப்பதை அந்த வயதில் நேரில் கேட்பது நல்லது.

ஊரிலிருந்து பெற்றோர் வந்திருந்தால் கச்சேரி. புதிதாக ஒரு ஊருக்குக் குடிபோயிருந்தால் வழிபாடு, காபி குடித்துவிட்டுத்தான் கிளம்ப வேண்டும். டல்லாஸில் இருப்பவர்கள் வழிபாட்டு நாளுக்காகக் காத்திருக்கவும் வேண்டாம். நகர மையத்தில் ஃபிலிப் ஜான்சன் வடிவமைத்து 1976-இல் வந்த தேங்க்ஸ்கிவிங் ஸ்கொயரில், எல்லாச் சமயத்தாருக்கும் பொதுவான சுருள் வடிவச் சிற்றாலயம் இருக்கிறது. பாட வருமோ வராதோ, பழக ஆசை இருந்தால் கூட்டுக் குழுவில் சேருங்கள். அதற்கு நவம்பர்வரை காத்திருந்தால் தாமதமாகிவிடும். ஒத்திகை பெரும்பாலும் அக்டோபரிலேயே தொடங்கிவிடும். உங்கள் ஊர் பல்சமயக் கவுன்சிலுக்கு செப்டம்பர் முடிவதற்குள் ஒரு மின்னஞ்சல் அனுப்பி, எங்கே, எந்தக் கிழமை என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.